நடுவுல ஒரு பாட்டைக்கூட தாண்டாம கேட்ட ஆல்பம் உங்ககிட்ட இருக்கா?

7 ஜூன் 2025, வாசகர் கேள்வி

நம்ம ஆளுங்க ஆல்பம் கேக்குறதே இல்ல, பாட்டுதான் கேக்குறோம். வெள்ளைக்காரன் ஒரு ரெக்கார்டை போட்டான்னா முதல்லருந்து கடைசி வரைக்கும் உக்காந்து கேப்பான். நாம ஒரு படத்துல ரெண்டு பாட்டை எடுத்துக்கிட்டு மிச்சத்தை விட்டுருவோம். ஒரு பாட்டைக்கூட தாண்டாம முழுசா கேக்குற ஆல்பம் உங்க யார்கிட்டயாவது இருக்கா? ஜாஸ், ராக், கர்நாடகம், சினிமா, கானா எதுவா இருந்தாலும் சரி.

7 ஜூன், இரவு 11.20

பாதி சரி, பாதிக்கு கோவம் வருது.

சரியான பாதி இது. நான் வளர்ந்த காலத்துல சினிமா கேசட்டுன்னா ஏ பக்கம் ஒரு படம், பி பக்கம் இன்னொரு படம். ஒன்னு கிராமத்து கதையா இருக்கும், இன்னொன்னு கொலை கேஸு. மியூசிக் டைரக்டர் ஒரே ஆளா இருந்தா அதுவே பெரிய சம்பந்தம். ஓடுற பாட்டை முன்னாடி வச்சு, சோகத்தை கடைசில தள்ளி, நேரம் மிஞ்சுனா ஒரு பிட்டு சாங்கை சொருகி விட்டுருப்பாங்க. படத்துல வர்ற வரிசையும் அது கிடையாது. அதை எவன் முழுசா கேப்பான், ஏன் கேக்கணும்.

கோவம் எங்கன்னா அந்த "நாம"ங்கிறதுல. 1986ல இளையராஜா 'ஹவ் டு நேம் இட்' போட்டார். படம் இல்ல, ஹீரோ இல்ல, வரி இல்ல. தியாகராஜருக்கும் ஜெர்மன் இசை மேதை பாக்குக்கும் (Bach) காணிக்கை. அதுல 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்'னு ஒரு துண்டு வரும். பாக் எழுதுன மூணாவது வயலின் பார்ட்டிட்டா (துண்டு துண்டா வரிசையா வர்ற ஒரு இசைத் தொகுப்பு) இருக்குல்ல, ஈ மேஜர்ல, அதோட முதல் பகுதி கடகடன்னு ஓடிட்டே இருக்கும், அதுக்கு மேல நம்மூர் வயலின் கமகத்தோட, அதான் சுரத்தை அசைச்சு வளைக்கிறதோட, வந்து உக்காரும், வாசிக்கிறது வி.எஸ்.நரசிம்மன். பாக் ஒரு நொடி நிக்க மாட்டாரு, நம்ம வயலின் ஒரு சுரத்தை பிடிச்சு இழுத்துக்கிட்டு நிக்கும், ரெண்டும் முட்டிக்காது. அடுத்த துண்டோட பேரு '...அண்ட் வீ ஹேட் எ டாக்'. சந்திச்சாச்சு, அடுத்து பேச்சு. முதல்ல உள்ளதை தாண்டிட்டு பேச்சை மட்டும் கேட்டா யாரோட பேசுறார்னே தெரியாது. வரிசையை யோசிச்சு போட்டது அது.

எனக்கு ஆல்பம்னா இதுதான் கணக்கு. நல்ல பாட்டு எத்தனைன்னு பாக்குறதில்ல. ஒன்னை எடுத்துட்டா பக்கத்துல உள்ளது நொண்டுதான்னு பாக்குறேன்.

8 ஜூன், காலை

கேள்வியை யாரும் படிக்கல போல. விடிஞ்சு பாத்தா அவங்கவங்களுக்கு பிடிச்ச பாட்டு லிஸ்ட்டு நாப்பது கெடக்கு. நல்ல லிஸ்ட்டுதான், ஆனா அது வேற பந்தி. இங்க கேட்டது தாண்டாம கேட்டது எதுன்னு.

'ஹவ் டு நேம் இட்' 'வீடு' படத்துல கேட்ட இசைன்னு ஒருத்தர் எழுதிருக்காரே, ஆமா அதேதான். பாலு மகேந்திரா 1988ல அந்தப் படத்துக்கு இந்த ஆல்பத்தைத்தான் எடுத்து பின்னணியா வச்சார். படத்தை முதல்ல பாத்துட்டு ஆல்பத்துக்கு வந்தவங்களுக்கு அந்த வயலினைக் கேட்டாலே செங்கலும் சிமெண்டும்தான் ஞாபகம் வருமாம். எனக்கு ஆல்பம் முதல்ல வந்துச்சு, அதனால படம் பாக்குறப்போ கொஞ்சம் இடைஞ்சலா இருந்துச்சு. இதை சொன்னா அடிக்க வருவாங்க.

8 ஜூன், மாலை

இங்கிலாந்து ராக் குழு பிங்க் ஃப்ளாய்டோட 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' (1973) பத்தி சேலத்து நண்பர் எழுதிருக்கார், "மொத்தமும் ஒரே பாட்டு, நடுவுல மூச்சு விடவே மாட்டாங்க"ன்னு. சீடியில கேட்டவங்க அப்படித்தான் சொல்லுவாங்க. எல்பி ரெக்கார்டுல மூச்சு விடுவாங்க சார். பத்து துண்டுல அஞ்சு முதல் பக்கம், 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை' முடிஞ்சதும் எந்திரிச்சு போயி தட்டை திருப்பிப் போடணும், அப்புறம்தான் 'மணி' (Money) பாட்டோட கல்லாப்பெட்டி சத்தம்.

நான் கேட்டது இது ரெண்டும் இல்ல. ஹாஸ்டல்ல ஒரு சீனியர் அண்ணன் சி 90 கேசட்டுல அடிச்சு வச்சிருந்தார். சி 90ல ஒரு பக்கம் 45 நிமிஷம், ஆல்பம் 43 நிமிஷம், அம்சமா ஒரே பக்கத்துல அடங்கிருச்சு. இன்னொரு பக்கம் தேவா பாட்டு. ஆட்டோ ரிவர்ஸ் உள்ள செட்டு அது, ஆல்பம் முடியுறப்போ வர்ற ஹார்ட் பீட்டு லண்டன்ல அடங்குன கையோட மெட்ராஸ்ல தவில் ஆரம்பிச்சுரும். ரொம்ப நாளைக்கு எனக்கு ரெண்டும் சேந்துதான் ஒரு ஆல்பம்.

'கிரேட் கிக்'ல பாடுற கிளேர் டோரி கதை தெரியாதவங்களுக்காக: ஸ்டூடியோவுக்கு கூப்பிட்டு, சாவைப் பத்தின ஆல்பம், வரி கிடையாது, தோணுறதை பாடுன்னுட்டாங்க. கூலி 30 பவுண்டு. வெறும் குரலை வச்சு அந்தம்மா அழுதாங்க, கெஞ்சுனாங்க, அடங்குனாங்க. வார்த்தை இல்லாத ஒப்பாரி அது, நம்மூர்ல ஒப்பாரி கேட்டவங்களுக்கு தனியா விளக்க வேண்டியதில்ல. முப்பது வருசம் கழிச்சு கேஸ் போட்டு 2005ல சமரசமாகி, இசையமைச்சவங்கள்ல ஒருத்தரா அவங்க பேரையும் போட்டாங்க. அது முடிஞ்ச உடனே கல்லாப்பெட்டி சத்தம் வருதே, நடுவுல இடைவெளி இல்லாம கேட்டவனுக்குத்தான் அது உறைக்கும். சாவு வீட்டுல அழுகை அடங்குறதுக்குள்ள பந்தல்காரர் வந்து மீதிப் பணம் கேட்டு நிப்பாரே, அப்படி இருக்கும். எல்பியில எந்திரிச்சு போயி திருப்புறதுக்குள்ள இது போயிருதுன்னு நான் நினைக்கிறேன். எல்பி ஆளுங்க ஒத்துக்க மாட்டாங்க, பரவால்ல.

8 ஜூன், இரவு

பென்சில் விட்டு கேசட் சுத்துன கதையை இதுக்கு மேல யாராவது எழுதுனா நான் கிளம்பிருவேன்.

10 ஜூன்

ஜாஸ் பக்கம் யாருமே போகல, நானே போறேன். அமெரிக்க டிரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸ், 'கைண்ட் ஆஃப் ப்ளூ', 1959. "ஜாஸ் புரியாது"ங்கிறவங்களுக்கு நான் குடுக்குற முதல் டோஸ் இதுதான், ஏன்னா கர்நாடக சங்கீதம் காதுல விழுந்து வளர்ந்தவனுக்கு இதுல ஒரு கதவு திறந்தே கெடக்கு. ஜாஸ்ல அதுவரைக்கும் கார்டு (chord, சேந்து ஒலிக்கிற சுரக் கூட்டம்) நொடிக்கு நொடி மாறிட்டே இருக்கும், வாசிக்கிறவன் அதைத் துரத்திட்டே ஓடணும். இதுல அந்த ஓட்டத்தை நிப்பாட்டிட்டு ஒரே ஸ்கேல்ல, அதான் ஒரே சுர வரிசையில, நின்னு யோசிச்சு வாசிங்கன்னு விட்டாரு. முதல் துண்டு 'ஸோ வாட்' இருக்குல்ல, அந்த ஸ்கேலை பாடிப் பாருங்க, நம்ம கரகரப்ரியாவோட சுரங்கள். முதல் 16 பார் (பார்னா ஒரு தாளச் சுத்து) ரெண்டு கட்டை சுருதியில, அடுத்த 8 பார் அதையே ரெண்டரை கட்டைக்கு தூக்குவாங்க, கடைசி 8 பார் திரும்ப ரெண்டு கட்டை. அவ்வளவுதான் மொத்த கட்டுமானமும். கரகரப்ரியா சுரங்கள்னுதான் சொன்னேன், கரகரப்ரியான்னு சொல்லல, கமகம் இல்லாம ராகம் ஏதுன்னு யாரும் சண்டைக்கு வராதீங்க.

இப்ப கூத்தைக் கேளுங்க. எங்க வீட்டுல அம்மாவோட எலக்ட்ரானிக் சுருதிப்பெட்டி ஒன்னு இருந்துச்சு. ரெண்டு கட்டைன்னு படிச்சுட்டு அதை ரெண்டுல வச்சு, பக்கத்துல கேசட்டை ஓட விட்டேன். ஒட்டவே இல்ல. பாட்டு ஒரு மயிரிழை தூக்கலா நிக்குது. சுருதிப்பெட்டி குமிழை திருகித் திருகிப் பாத்தேன், டேப் ரெக்கார்டர் மோட்டார்தான் கோளாறுன்னு முடிவு பண்ணி பெல்ட்டு மாத்தி வாங்கிட்டு வந்தேன். அப்பவும் அப்படியே. அடுத்த பக்கத்து பாட்டெல்லாம் மட்டும் சுருதி கச்சிதமா சேருது, அதான் மண்டை காய்ஞ்சது.

காரணம் ரொம்ப பின்னாடிதான் தெரிஞ்சது. ரெக்கார்டிங் ரெண்டு நாள் நடந்திருக்கு, மார்ச் 2, ஏப்ரல் 22. மார்ச் அன்னிக்கு ஓடுன மெயின் டேப் மெஷின் கொஞ்சம் மெதுவா ஓடிருக்கு. மெதுவா பிடிச்சதை சரியான வேகத்துல ஓட்டுனா சுருதி ஏறத்தானே செய்யும். அன்னிக்கு எடுத்த மூணும்தான் எல்பியோட முதல் பக்கம். நல்லவேளையா பக்கத்துலயே இன்னொரு மெஷின் சரியான வேகத்துல ஓடிருக்கு, 1992ல அந்த டேப்பை எடுத்து சரி பண்ணாங்க. முப்பது வருசத்துக்கு மேல உலகமே ஏறுன சுருதியிலதான் கேட்டிருக்கு, கூட வாசிச்சுப் பாத்தவங்க அவங்கவங்க கருவியை சந்தேகப்பட்டிருப்பாங்க.

தாண்டுறதா? அஞ்சே துண்டுதான் சார், எதை தாண்டுறது. 'ஃப்ரெடி ஃப்ரீலோடர்'ல மட்டும் பியானோவுல பில் எவான்ஸுக்கு பதிலா வின்டன் கெல்லி உக்காருவார், அங்க மட்டும் கை கொஞ்சம் கொண்டாட்டமா மாறும், அப்புறம் 'ப்ளூ இன் கிரீன்'ல எவான்ஸ் திரும்ப வந்ததும் அறையே இருட்டுன மாதிரி ஆகிரும். நடு துண்டை எடுத்துட்டா அந்த இருட்டு தெரியாது.

11 ஜூன்

"எங்க ஊர்ல இதெல்லாம் யாரு கேட்டா, நீங்க மேட்டுக்குடி"ன்னு ஒருத்தர். சரி, எங்க ஊருக்கே போவோம்.

திருநெல்வேலி பக்கம் கோயில் கொடைன்னா ரேடியோ செட்டுக்காரர்தான் முதல்ல வந்து இறங்குவார். பனை மரத்துல குழாயைக் கட்டி, விடியக்காலம் சீர்காழி குரல்ல 'விநாயகனே வினை தீர்ப்பவனே'. அது இல்லாம வேற பாட்டு முதல்ல போட்டா பெரியவங்க கம்போட வருவாங்க. அப்புறம் எல்.ஆர்.ஈஸ்வரி அம்மன் பாட்டு வரிசையா, 'கற்பூர நாயகியே', 'செல்லாத்தா'. வெயில் ஏறுனதும் சினிமா. மதியம் சாப்பாட்டு நேரத்துக்கு பழைய பாட்டு, டி.எம்.எஸ் சுசீலா. சாமக்கொடைக்கு முன்னாடி மறுபடி ஈஸ்வரி, அப்ப வால்யூம் வேற. ஒரு நாள் பூரா ஓடுற வரிசை அது, ஊருல ஒரு ஆளுக்கும் அதை தாண்ட வழியில்ல, ஏன்னா ஆம்ப்ளிஃபயர் அவர் கையில இருக்கு.

அப்புறம் கதை வசனம்! இதை எப்படி எல்லாரும் மறந்தீங்க? 'திருவிளையாடல்' (1965) வசன ரெக்கார்டு. பாட்டும் இருக்கும், பேச்சும் இருக்கும். நாகேஷ் தருமியா புலம்புற இடம், சிவாஜி கேள்வி கேக்க சொல்ற இடம், நக்கீரர்கிட்ட மல்லுக்கட்டுற இடம், டீக்கடையில கிளாஸ் கழுவுற பையன்லருந்து எல்லாரும் அடுத்த வரியை முன்கூட்டியே சொல்லுவான். படமே பாக்காம வெறும் காதால முழுப்படத்தையும் மனப்பாடம் பண்ணவங்க எங்க தெருவுலயே உண்டு. தமிழ்நாட்டுல அதிகம் பேர் தாண்டாம கேட்ட ஆல்பம் எதுன்னு என்னைக் கேட்டா நான் கண்ணை மூடிட்டு இதைத்தான் சொல்லுவேன். கேள்விக்கு பதில் கிடைச்சுதா?

11 ஜூன், கொஞ்ச நேரம் கழிச்சு

எழுதிட்டே இருக்கும்போது ரெக்கார்டிங் சென்டர் அண்ணாச்சி ஞாபகம் வந்துட்டார். கடையில நீள நோட்டு இருக்கும், பாட்டுக்கெல்லாம் நம்பர் போட்டு. நம்ம பேப்பர்ல நம்பரை எழுதிக் குடுத்தா அவர் உடனே வாங்கிக்க மாட்டார், கண்ணாடியை மூக்குல இறக்கி வச்சுட்டு படிப்பார். ஒருதடவை நான் அடுத்தடுத்து ரெண்டு சோகப் பாட்டு எழுதிட்டேன். "ஏல, ரெண்டு சோகத்தை சேத்து வச்சா பி பக்கத்தை எவன் திருப்பிப் போடுவான்?"ன்னு அவரே பேனாவால அம்பு போட்டு ஒன்னை கீழ இறக்குனார். பக்கம் முடியப் போவுதுன்னா கடைசிப் பாட்டு பாதியில அறுந்து தொங்க விட மாட்டார், குமிழை மெல்ல இறக்கி ஃபேட் பண்ணுவார். இன்னிக்கும் சில பாட்டை முழுசா கேக்குறப்போ "இங்க முடியணுமே, ஏன் இன்னும் போவுது"ன்னு எனக்கு தோணும். சி 60 கேசட்டுக்கு பக்கத்துக்கு 30 நிமிஷம், அதுக்குள்ள ஏத்த இறக்கம் பாத்து அடுக்குனவர். ஆல்பம் போடுறவனும் இதைத்தானே பண்றான்?

12 ஜூன்

எம்.எஸ். சுப்ரபாதத்தை யாருமே சொல்லலியேன்னு கேட்டவருக்கு: அதை யாரும் தாண்டுறதில்ல, உண்மை. அந்நேரம் பட்டன் எங்க இருக்குன்னு கைக்கு தெரியாது.

14 ஜூன்

கர்நாடகக் கச்சேரியை இந்தக் கணக்குல சேக்கலாமான்னு ரெண்டு பேர் கேட்டிருக்கீங்க. சேக்கலாமாவா? கச்சேரியை வரிசைதான் தூக்கி நிறுத்துது. வர்ணத்துல ஆரம்பிச்சு, சின்ன உருப்படி ரெண்டு மூணு, அப்புறம் மெயின் ராகம், ஆலாபனை, கிருதி, நிரவல், ஸ்வரம், தனி ஆவர்த்தனம் (தாள வாத்தியம் மட்டும் வாசிக்கிறது), அப்புறம் துக்கடா, மங்களம். இன்னிக்கு நாம பாக்குற இந்த அடுக்கை நிலைநிறுத்தினது அரியக்குடி ராமானுஜ ஐயங்கார்னு சொல்லுவாங்க. சும்மா வந்த பழக்கம் இல்ல, கேக்குறவன் காது எப்ப சூடாகும், எப்ப அலுக்கும்னு கணக்குப் போட்ட ஆளு.

ஆனா தாண்டுறதுலயும் நாமதான் உலக சாம்பியன். தனி ஆவர்த்தனம் ஆரம்பிச்சதும் சபா கேண்டீனைப் பாருங்க. ஸ்கிப் பட்டன் கண்டுபிடிக்கிறதுக்கு எத்தனையோ வருசம் முன்னாடியே நம்ம ஆளுங்க அதை காலால அமுக்கியாச்சு. மிருதங்கக்காரர் கோர்வையை முடிச்சு அறுதி வைக்கிறப்போ கையில போளியோட திரும்பி வந்து தலையாட்டுவாங்க.

ரெக்கார்டு வந்ததும் இந்த அடுக்கு பட்ட பாடு தனிக் கதை. நிமிஷத்துக்கு 78 சுத்துற கிராமஃபோன் தட்டுல ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷம் சொச்சம்தான். நாகஸ்வரத்துல டி.என்.ராஜரத்தினம் பிள்ளை தோடின்னா கோயில் வாசல்ல மணிக்கணக்கா போகும்னு பெரியவங்க சொல்லுவாங்க, அந்த மனுஷன் அதே தோடியை தட்டுக்காக சுருக்கி வாசிச்சிருக்கார். கேட்டுப் பாருங்க, அவசரமே தெரியாது. விட்டது என்னன்னு நமக்கு தெரியாதபடி விட்டிருப்பார். அப்புறம் கேசட் வந்துச்சு, நேரம் கிடைச்சுது, ஆனா பைரவி ஆலாபனை பஞ்சமத்துல நின்னு அடுத்து மேல ஏறப் போற நேரம் பாத்து டக்குன்னு ஏ பக்கம் முடியும். எந்திரிச்சு திருப்பிப் போட்டு, முன்னாடி ஓடுற வெத்து டேப்பு முடிஞ்சு பைரவி வர்றதுக்குள்ள காபி ஆறிப்போகும். இப்ப அதையே ஆன்லைன்ல இடைவெளி இல்லாம கேக்குறேன், பஞ்சமம் வந்ததும் எந்திரிக்கத் தோணுது. காலுக்கு இன்னும் பழக்கம் போகல.

15 ஜூன்

போளி பத்தி இருபது பதில், தோடி பத்தி ஒன்னு. நல்லாருக்கு.

19 ஜூன்

சினிமா கேசட்டை முதல் நாள் ஒரேயடியா ஓரங்கட்டுனதுக்கு நிறைய பேர் பிடிச்சு உலுக்கிட்டீங்க. சொன்னதுல நிக்கிறேன், ஆனா ஒரு விதிவிலக்கு வச்சுக்குறேன்: 'இருவர்', 1997, ஏ.ஆர்.ரஹ்மான்.

படத்தோட காலம் நகர நகர பாட்டோட வயசும் நகரும். 'நறுமுகையே' நாட்டை சாயல்ல, உன்னிகிருஷ்ணனும் பாம்பே ஜெயஸ்ரீயும், வரியெல்லாம் சங்க வாசம். 'ஆயிரத்தில் நான் ஒருவன்' மனோ குரல்ல பழைய கொள்கைப் பாட்டு ஜோரு. 'ஹலோ மிஸ்டர் எதிர்க்கட்சி' அப்படியே கிளப் ஜாஸ், ஹரிணி பாடுனது. 'வெண்ணிலா வெண்ணிலா'வுக்கு ஆஷா போஸ்லே. ஒரே ஆளு நாலு காலத்து சட்டையை மாத்தி மாத்தி போட்டுக்கிட்டு நிக்கிறார், எதுவும் கிண்டலா தெரியாது. இதுல முக்கியமானது பாட்டே இல்ல, அரவிந்த்சாமி குரல்ல வர்ற கவிதை, 'உடல் மண்ணுக்கு', 'உன்னோடு நான் இருந்த'. இன்னிக்கு ஆப்ல இந்த ஆல்பத்தைப் போடுறவங்கள்ல பாதிப் பேர் கவிதை வந்ததும் தாண்டிட்டுப் போறாங்க, கார்ல பக்கத்துல உக்காந்து பாத்திருக்கேன், விரல் தானா போகுது. ஒரு பக்கம் எம்ஜிஆர் மாதிரி பாட்டு, ஒரு பக்கம் கலைஞர் மாதிரி பேச்சு, ரெண்டும் சேந்து நின்னாத்தான் படத்தோட தலைப்புக்கே அர்த்தம். பேச்சை எடுத்துட்டா ஒருத்தர்தான் மிச்சம்.

'திருடா திருடா'வை (1993) ஏன் விட்டீங்கன்னு கேக்காதீங்க. 'ராசாத்தி'யில வாத்தியத்தை கிட்டத்தட்ட மொத்தமா ஒதுக்கி வச்சுட்டு சாகுல் ஹமீது குரலையும் கோரஸையும் மட்டும் வச்சே ஓட்டுன தைரியம் எனக்கும் பிடிக்கும். ஆனா அந்த ஆல்பத்தை எந்த வரிசையில கேட்டாலும் ஒன்னும் குறையாது. நல்ல பாட்டு மூட்டை. மூட்டைன்னா திட்டு இல்ல.

'திருவாசகம்' (2005) சொன்னவருக்கு: ராஜா, புடாபெஸ்ட் ஆர்க்கெஸ்ட்ரா, மாணிக்கவாசகர், எல்லாம் சரி. 'பொல்லா வினையேன்' இருபது நிமிஷம் கிட்ட போகுறது, அதை தாண்டாம கேக்கிறேன். நடுவுல ஆங்கில வரி வர்றப்போ மட்டும் யாரோ கதவைத் தட்டுன மாதிரி எனக்கு முழிப்பு தட்டிருது. அதுதான் சிறப்புன்னு நினைக்கிறவங்க என் வீட்டுலயே இருக்காங்க.

22 ஜூன்

யாழ்ப்பாணத்துலருந்து ஒரு அக்கா எழுதிருக்காங்க, வயலின்காரர் எல்.சங்கரைப் பத்தி ஏன் யாரும் பேசலன்னு. நல்ல கேள்வி. சங்கரோட அப்பா வி.லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்துல சங்கீதம் சொல்லிக் குடுத்தவர், பிள்ளைங்க அங்கதான் வளந்தாங்க, 1958 கலவரத்துக்கு அப்புறம் மெட்ராஸ் வந்தாங்க. அந்த வீட்டு வயலின்தான் ஜான் மெக்லாஃப்லின் கிட்டாரோட சேந்து 'சக்தி'ங்கிற குழு ஆச்சு, கூட ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம்.

முதல் ரெக்கார்டு 1975ல அமெரிக்காவுல மேடையில எடுத்தது. 'ஜாய்' பதினெட்டு நிமிஷம், எல்லாரும் துரத்திட்டு ஓடுறது, கேட்டு முடிச்சா நமக்கு மூச்சு வாங்கும். எனக்கு அதுக்கு அடுத்தது, 'எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி'. ஆரம்பமே கொன்னக்கோல். வாத்தியத்தை யாரும் தொடல, வாயாலயே சொல்லுக்கட்டு. ஐரோப்பாவுல ராக் ரெக்கார்டுன்னு நம்பி வாங்குனவன் முகம் எப்படி இருந்திருக்கும்! நமக்கு அது பாட்டு கிளாஸ்ல பக்கத்து ரூம்ல கேட்ட சத்தம். அந்த சொல்லுக்கட்டு முடிஞ்சு கிட்டாரும் வயலினும் ஒன்னா விழுற இடத்துல, வாய் சொன்னதைத்தான் கை வாசிக்குதுன்னு புரியும். முதல் ஒரு நிமிஷத்தை தாண்டிட்டுக் கேட்டா இது சும்மா வேகமான வாசிப்பு, அவ்வளவுதான். விக்கு சார் கடத்துல மேல ஏறி இறங்குற இடமெல்லாம் ஹெட்போன் போட்டுக் கேளுங்க, பானையோட கழுத்துல அடிக்கிறதும் வயித்துல அடிக்கிறதும் தனித்தனியா தெரியும்.

அக்கா, மனோகரனோட 'சுராங்கனி' பத்தியும் எழுதிருந்தீங்க. அது ஆல்பம் இல்ல, தொத்து வியாதி. எங்க காலேஜ் டூர் பஸ்ல அது இல்லாம கிளட்ச்சே விழாது.

29 ஜூன்

இப்ப உள்ளவங்களைப் பத்தி பேசலன்னு தம்பிகள் கோவம். பேசுவோம்.

மலேசியாவுல யோகி பி அண்ட் நட்சத்ரா, 'வல்லவன்', 2006. தமிழ்ல ராப் பாட முடியுமான்னு இங்க பட்டிமன்றம் நடத்திட்டு இருந்தப்போ அங்க முழுநீள ஆல்பமே போட்டாச்சு. எல்லாரும் 'மடை திறந்து'வை மட்டும் எடுத்துக்கிட்டோம், நானும்தான். மிச்சத்தை சமீபத்துலதான் உக்காந்து கேட்டேன், பாதி எனக்கு ஒட்டல, ஆனா வரிசையா கேட்டப்போ அது கோலாலம்பூர் தெருவோட ஆல்பம், 'மடை திறந்து' ரீமிக்ஸ் அதுக்கு வாசல் மட்டும்தான்னு தோணுச்சு.

லண்டன் தமிழ்ப் பாடகி எம்.ஐ.ஏ. போட்ட ஆல்பம் 'கலா' (2007) அவங்க அம்மா பேரு, அதுக்கு முன்னாடி வந்த 'அருளர்' அப்பா பேரு. 'கலா'வுல கொஞ்சம் சென்னையில வந்து எடுத்தாங்க, அதான் அந்த மேளச் சத்தம் நம்ம வயித்துல வந்து அடிக்குது. எங்க ஊர் கொடையில கேட்ட அடி லண்டன் பொண்ணு பாட்டுல வர்றப்போ முதல்ல சந்தோசம், அப்புறம் கூலி ஒழுங்கா குடுத்தாங்களான்னு ஒரு யோசனை.

'எஞ்சாயி எஞ்சாமி' (2021) பிடிக்காதவங்க யாரு? ஆனா அது தனிப்பாட்டு. இன்னிக்கு சொந்தப் பாட்டு போடுற பிள்ளைங்க பெரும்பாலும் ஒவ்வொன்னாத்தான் விடுறாங்க, வீடியோ சேத்து. குறை சொல்லல, பத்துப் பாட்டு சேத்து ஒரே நாள்ல விட்டா ஒன்பது கேட்பாரில்லாம கெடக்கும்னு அவங்களுக்கு தெரியும். காஸ்ட்லெஸ் கலெக்டிவ் மாதிரி குழுவோட பாட்டை மேடையில வரிசையா கேக்கணும். கானா முடிஞ்சு ராப்பு, ராப்பு முடிஞ்சு ஒப்பாரின்னு போறப்போ நடுவுல எந்திரிச்சுப் போக மனசு வராது. போனுல துண்டு துண்டா கேட்டா பாதி சூடு போயிரும்.

"அப்ப ஷஃபிள்ல போடுறவன் எல்லாம் முட்டாளா"ன்னு கேட்ட தம்பிக்கு: நானும் பாத்திரம் தேய்க்கும்போது ஷஃபிள்தான்.

6 ஜூலை

'கைண்ட் ஆஃப் ப்ளூ' எந்தப் பதிப்பு வாங்கலாம்னு தனியா மூணு பேர் கேட்டுட்டீங்க, இங்கயே சொல்லிடுறேன். 1997லருந்து வர்ற சீடி பதிப்புகள்ல சுருதி சரி பண்ணித்தான் வருது, இப்ப ஆப்ல இருக்குறதும் பொதுவா அதுதான். கூட வாசிக்கணும், பாடணும்னா அது போதும். பழைய எல்பி எங்கயாவது மாட்டுனா விலையைப் பாத்துக்கோங்க, ஆனா விடாதீங்க. முதல் பக்கத்துக்கு சுருதிப்பெட்டியை ரெண்டு கட்டைக்கு ஒரு இழை மேல வச்சுக்கங்க, ரெண்டாவது பக்கம் திருப்புறப்போ மறக்காம இறக்கிருங்க. டேப் ரெக்கார்டர் பெல்ட்டை மாத்தாதீங்க, 120 ரூவா தண்டம்.